கீழ்வீட்டு ரீச்சரும் குங்குமப் பூசணியும்

கட்டடத்து வெளிக்கதவின் இரண்டு பக்கமும் நீத்துப்பூசணிக்காயின் பாதி பாதி. வெட்டிய வெள்ளைச் சதை முழுக்கக் குங்குமம். ஈரத்தில் கரைந்து படியில் சிவப்பாக வடிந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத காட்சி. சுவிஸின் எம்மன்புரூக்கேயில், ஹாலோவீன் அன்று பின்னேரம், முகத்தில் எலும்புக்கூடு வரைந்த பிள்ளைகள் அதைச் சுற்றிக் குந்தியிருந்து, உண்மையான இரத்தமா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

வைத்தவர் அன்று காலை மூன்றாம் மாடிக்குக் குடிவந்த தமிழ்த் தம்பி ஒருவர். வின்டர்தூரில் சமையல் மணத்துக்கு அயலவர் முறைப்பாட்டுக்கு மேல் முறைப்பாடு கொடுத்து, மனைவி பிள்ளைகளோடு வீடு மாறி வந்த மனிதர். இந்த வீட்டுக்கான விண்ணப்பத்தில், இவர் அமைதியான குடும்பத்தவர் என்று சாட்சி சொன்னது இதே கட்டடத்தில் இருக்கும் நான். முப்பது வருடம் காரியாலயங்களில் மொழிபெயர்த்ததில் எனக்கு மிஞ்சியது விதிகளின் மனப்பாடம்தான். பொதுவாசலில் என்னென்ன வைக்கக்கூடாது என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். பூசணி அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியல் எழுதியவருக்கு அவ்வளவு கற்பனை இருக்கவில்லை.

“தம்பி, இது என்ன வேலை?” என்றேன்.

“கண்ணூறு கழிச்சனான் அண்ணை. நல்ல நேரம் பாத்தன், திகதியைப் பாக்கேல்லை.” அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. “வந்த முதல் நாளே முறைப்பாடு போனால், இனி எனக்கு ஆர் வீடு தருவினம்?”

ஒரு மாடிக்கு வாடகை கட்டிவிட்டு முழுக் கட்டடத்துக்கும் கண்ணூறு கழித்திருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கீழ்வீட்டுக் கதவு திறந்தது.

கீழ்வீட்டில் இருந்தவர் ஓய்வுபெற்ற சுவிஸ் ஆசிரியை. தமிழர் எல்லோருக்கும் அவர் ரீச்சர். மாடிப்படியில் சப்பாத்து விட்டாலும், ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்த்தாலும் நிர்வாகத்துக்கு எழுதிவிடுவார். ஹாலோவீன் என்றால் அமெரிக்கக் குப்பை என்று விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் இருப்பவர். அன்று வெளியே வந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, பூசணியைக் குனிந்து பார்த்தார். பிள்ளைகள் எழுந்து வழிவிட்டார்கள். நான் தொண்டையைச் செருமி, பண்பாட்டு வழக்கங்கள் பற்றிய என் காரியாலய ஜெர்மனைத் தொடங்கினேன். தம்பியின் சின்ன மகள் என்னை முந்திவிட்டாள்.

“கெட்டது வீட்டுக்குள் வராமல் இருக்க அப்பா வைத்தது,” என்றாள், பள்ளிக்கூடத்துச் சுவிஸ் ஜெர்மனில்.

ரீச்சர் அவளைப் பார்த்தார். “அப்படியென்றால் பிந்திவிட்டீர்கள். நான் எவ்வளவோ காலமாக உள்ளேதான் இருக்கிறேன்.”

தன்னைப் பற்றி நாங்கள் நினைப்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். முதலில் சிரித்தது ஓர் எலும்புக்கூடு. பிறகு எல்லோரும். தம்பிக்கு ஜெர்மன் முழுதாக விளங்கவில்லை. ஆனாலும் மற்றவர்களைப் பார்த்து அவரும் சிரித்தார். ரீச்சர் உள்ளே போய் இரண்டு மெழுகுதிரியோடு வந்தார். சின்ன வயதில் தங்கள் ஊரில் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றி ஊர்வலம் போவார்கள் என்றும், இந்தப் பூசணிக்காவது ஒரு காரணம் இருக்கிறது என்றும் சொல்லிக்கொண்டே, ஒரு பாதிக்கு ஒன்றாகக் குத்தி ஏற்றினார். வாசலில் திறந்த நெருப்பு விதிக்கு மாறானது. என்னை யாரும் கேட்கவில்லை.

ஆனாலும் ரீச்சர் நிர்வாகத்துக்கு எழுதமாட்டார் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த கிழமை முழுக்கத் தம்பி, வேலைக்குப் போகுமுன் என் கதவைத் தட்டி, “முறைப்பாடு ஏதும் வந்ததோ அண்ணை?” என்று கேட்பார். கடைசியில் எனக்கு வந்தது மின்சார பில். அவ்வளவு சந்தோசமாக நான் ஒரு பில்லைக் கட்டியதே இல்லை.

இந்த வருட ஹாலோவீனுக்கும் பாதி பாதியாக வைத்தோம். இப்போது திகதி பார்த்துத்தான் வைக்கிறோம். நல்ல நேரத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ரீச்சர் நடைக்குத் துணையான தள்ளுவண்டியைப் பிடித்தபடி வந்து, கொப்பி திருத்துவதுபோல் இரண்டு பாதியையும் பார்த்தார்.

“சிவப்பு போதாது,” என்றார்.

தம்பி குங்குமம் எடுக்க மூன்றாம் மாடிக்கு ஓடினார். படியைக் கழுவ நான் வாளி எடுத்து வைத்திருந்தேன். அது நாளைக்கு.