படகு சின்னன்

போன சனிக்கிழமை, ஒரு மனிதர் தனியாக இருந்துவிடக்கூடாது என்பதற்காக, நூறு மைலுக்கு மேல் கார் ஓட்டிப்போய் ஓர் ஏரிக்கரையில் கூடாரம் அடித்தோம்.

அந்த மனிதர் யோகநாதன். சிட்னியின் பென்டில் ஹில்லில் எனக்கு அடுத்த தெரு. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு கிழமைக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து அவருக்குத் தந்தி வந்தது. அம்மா போய்விட்டார். தந்தி கையில் கிடைத்தபோது தகனமும் முடிந்திருந்தது. இனிப் போய் என்ன செய்வது? அவர் போகவில்லை.

நாங்கள் சும்மா இருப்போமா? சிட்னியில் தமிழ் வீடுகள் கொஞ்சம்தான். அத்தனை பேரும் மாலைதோறும் அவர் ஃபிளாட்டில் கூடினோம். யோகநாதன் எல்லோருக்கும் தேநீர் போட்டார். உட்காரக் கதிரை போதாமல் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்தார். யாருக்குச் சீனி கூடாது என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது. அவர் அழுததைத்தான் யாரும் பார்க்கவில்லை.

"ஒரு சொட்டுக் கண்ணீர் வரேல்லை, பார்த்தனீங்களோ?" என்றார் என் பக்கத்து வீட்டு ரஞ்சியக்கா, திரும்பி வரும் வழியில். "உள்ளுக்க வச்சிருந்தா அது ஆளைத் தின்னும். எப்பிடியும் அழவைக்க வேணும்."

யோகநாதனின் அலுவலக மேலதிகாரி ஓர் ஆஸ்திரேலியர். அவருக்கு வேறு யோசனை. தன் கூடாரம், தூண்டில், காரின் கூரையில் கட்டிக்கொண்டு போகும் அலுமினியப் படகு எல்லாவற்றையும் கொடுத்தார். மலைக்கு அப்பால் ஓர் ஏரி இருக்கிறது, அங்கே போ, உன்னை ஒருவரும் தொந்தரவு செய்யமாட்டார்கள் என்றாராம்.

ரஞ்சியக்காவின் கணவர் பாலண்ணை கொதித்தார். "செத்த வீட்டுக்காரனைத் தனிய விடுறதோ? அதுவும் துடக்குத் தீட்டோட மீன் பிடிக்கவோ? இவங்களுக்கு மனுசர் செத்தா லீவு, லீவெண்டா மீன்."

ஆனாலும் யோகநாதன் கிளம்பினார். ஆகவே பாலண்ணையின் ஸ்டேஷன் வேகனில் நாங்கள் மூவரும் பின்னாலேயே புறப்பட்டோம்.

ஏரி என்றாலும் அது அணை கட்டித் தேக்கிய தண்ணீர். சுற்றிலும் காய்ந்த புல்வெளி, தொலைவில் செம்மறிகள். மரம் என்று பார்த்தால், தண்ணீரில் மூழ்கிச் செத்து வெள்ளையாக நிற்கும் மரங்கள்தான். கரையில் ஒரு குழாய், தகரக் கழிப்பறை, இரண்டு கல் அடுப்பு. அவ்வளவு நீளமான கரையில் ஒரே ஒரு கூடாரம்... எங்களுடையதை அதற்குப் பத்தடி தள்ளி அடித்தோம்.

யோகநாதன் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை.

"வந்திட்டீங்களோ... இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

"நீர் இரும், நான் போடுறன்" என்றார் ரஞ்சியக்கா. அதற்குள் யோகநாதன் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டார்.

நாங்கள் குடித்து முடித்ததும் படகைத் தண்ணீருக்கு இழுத்தார். தூண்டிலை எடுத்துக்கொண்டார்.

"நானும் வாறன் தம்பி" என்று பாலண்ணை எழுந்தார்.

"வேண்டாம் பாலண்ணை. படகு சின்னன்."

அதில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். எங்கள் மூவருக்கும் அது தெரிந்தது. பாலண்ணை மறுபடி உட்கார்ந்தார்.

ஏரியின் நடுவுக்குப் போய்த் துடுப்பை உள்ளே எடுத்து வைத்தார். எங்களுக்கு அவர் ஒரு கறுப்புப் புள்ளி. மாலை ஆனதும் காற்று அடியோடு விழுந்துவிட்டது. தண்ணீர் ஆடவில்லை.

அசையாத தண்ணீருக்கு மேல் சத்தம் எவ்வளவு தூரம் வரும் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கு அன்றுவரை தெரியாது. யோகநாதனுக்கும் தெரிந்திருக்காது.

"அம்மா" என்று ஒரு முறை கேட்டது — பக்கத்தில் நின்று சொன்னதைப் போல. பிறகு சொல் இல்லை. அழுகைதான்.

பாலண்ணை தண்ணீரோரத்துக்கு ஓடி, கூப்பிடுவதற்குக் கையை வாயருகே கொண்டுபோனார். ரஞ்சியக்கா அந்தக் கையைப் பிடித்தார். "பேசாம இருங்கோப்பா. அங்க கதைக்கிறது இங்க கேக்குதெண்டா, இங்க கதைக்கிறது அங்கயும் கேக்கும்."

யோகநாதனை அழவைக்க வேண்டும் என்று வந்தவர் ரஞ்சியக்காதான். இப்போது ஒரு பானையை எடுத்து மணல் போட்டு அடித்துத் தேய்த்தார். பானை சுத்தமாகத்தான் இருந்தது. நான் தேவையில்லாத விறகைப் பிளந்தேன். கரையில் இருப்பவர்கள் தங்கள் வேலையில் இருக்கிறார்கள், அவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை என்று யோகநாதன் நினைக்க வேண்டுமே.

துக்கப்படுபவரை விட்டு இந்த ஊர்க்காரர் விலகி நிற்கிறார்கள்; நாம் சூழ்ந்து நிற்கிறோம். இரண்டும் மரியாதைதான். எத்தனை அடி தள்ளி நிற்பது என்பதை மட்டும் துக்கப்படுபவரிடம் யாரும் கேட்பதில்லை.

இருட்டுவதற்குள் படகு கரைக்கு வந்தது. யோகநாதனின் கண்கள் வீங்கியிருந்தன.

"மீன் ஒண்டும் கடிக்கேல்லை" என்றார்.

"தண்ணி குளிராக்கும்" என்றார் பாலண்ணை.

"இந்த மாசத்தில கடிக்காதாம்" என்றார், வாழ்நாளில் தூண்டிலைத் தொட்டிராத ரஞ்சியக்கா.

நான் தலையாட்டினேன். தூண்டிலில் கோக்கும் புழு டின், மூடி திறக்காமல், அவருடைய கூடாரத்து வாசலில் வைத்த இடத்திலேயே இருந்தது. ரஞ்சியக்கா அதைக் காலால் மெல்ல உள்ளே தள்ளிவிட்டு, தேநீரை நீட்டினார். யோகநாதன் இந்த முறை உட்கார்ந்து வாங்கிக் குடித்தார்.

மறுநாள் காலை எங்கள் கூடாரத்தைப் பிரித்தோம். இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றார் அவர். பாலண்ணை விடமாட்டார் என்று நினைத்தேன்.

பாலண்ணை படகை ஒரு முறை பார்த்தார். "ஓம், இருந்திட்டு வாரும் தம்பி" என்றார். "படகு சின்னன்தானே."