பட்டியலில் ஏறிய தவமலர்

1994ஆம் ஆண்டு வசந்த காலத்தில், நியூ ஜெர்சியின் சிற்றூர் ஒன்றில் தவமலரை முதன்முதலாகச் சந்தித்தேன். ஐரிஷ் குடும்பங்கள் சில தலைமுறைகளுக்கு முன் உழுது உருவாக்கிய ஊர் அது. அங்கே மனிதர்கள் இரண்டே வகையினர்: நிலத்தை உழுவோர், காலை ஆறரை மணி ரயிலில் நியூயார்க்குக்கு வேலைக்குச் செல்வோர். உழுவோர் மற்றவர்களை 'ரயில்காரர்கள்' என்று அழைத்தனர். என் மகன் ரயில்காரர். யாழ்ப்பாணத்துத் தவமலரின் கணவர் வரதராஜாவும் ரயில்காரரே.

செப்டம்பர் மாத அறுவடைக் கண்காட்சியில் காய்கறிப் போட்டி விவசாயிகளுக்கு மட்டுமே உரியது. ரயில்காரர் வீட்டுப் பெண்கள் கேக் செய்து வரலாம். தவமலருக்கு இது பொறுக்கவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு, கண்காட்சித் தலைவர் ஃபினெகனிடம் சென்றார். தவமலர் பேசிய ஆங்கிலத்தை அவருடைய யாழ்ப்பாணத் தமிழிலேயே தருகிறேன்.

"ரயிலில போறது என்ர மனுசன். நான் ஒருநாளும் ஏறினதில்லை. என்னை ஏன் ரயில்காரி எண்டுறியள்?"

ஃபினெகன் சிரித்துவிட்டார். "ஒரு காயைக் கொண்டு வாருங்கள். பரிசு பெற்றால், விவசாயிகள் பட்டியலில் உங்கள் பெயரை எழுதுகிறேன்."

தவமலர் புடலை நட்டார். பிஞ்சுகள் சுருளாமல் நீள்வதற்காக, நம் வழக்கப்படி ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்.

"பந்தலுக்குக் கீழ போக ஹெல்மெட் வேணும் போல கிடக்கு" என்றார் வரதராஜா.

"உங்கட தலைக்கு ஒண்டும் ஆகாது. கல்லுத்தான் உடையும்."

கண்காட்சி நாளில், நீளமான காய்களுக்கான மேசையில் ஐந்தடிப் புடலங்காய் கால் நீட்டிப் படுத்திருந்தது. பக்கத்தில் ஃபினெகனின் வெள்ளரிக்காய் ஒடுங்கிக் கிடந்தது.

"கல்லைக் கட்டி இழுத்த காய் செல்லாது!" என்றார் ஃபினெகன். நடுவர்கள் மூவரும் தயங்கினர். தவமலரின் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு அவர், ஃபினெகன் போட்டிக்குக் கொண்டு வந்திருந்த பளபளப்பான கன்றுக்குட்டியைச் சுட்டிக்காட்டினார்.

"இதுக்குச் சவர்க்காரம் போட்டு, வாலையும் சீவி விட்டிருக்கிறியள். அது தானாவே குளிச்சதோ?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நடுவர்கள் அளவு நாடாவை எடுத்தனர். அன்று மாலை ஃபினெகன், முகத்தைச் சுளித்துக்கொண்டே, தம் கையால் தவமலரின் பெயரைப் பட்டியலில் எழுதினார்.

ஆறு ஆண்டுகள் அப்பெயர் அங்கேயே இருந்தது. 2000ஆம் ஆண்டில் வரதராஜாவுக்கு டெக்சாஸ் மாநிலத்து ரிச்சர்ட்சனில் வேலை கிடைத்தது. ஊரை விட்டுச் சென்றவர்களின் பெயர்களை நீக்கிவிடுவது கண்காட்சியின் விதி. புறப்படும் நாளில் தவமலர் கார்க் கண்ணாடியை இறக்கி, என் கையைப் பற்றிக்கொண்டார்.

"அன்ரி, என்ர பேரை வெட்ட விட்டிடாதேங்கோ. ஆள் எங்க எண்டு ஃபினெகன் கேட்டால், தோட்டத்தில நிக்கிறா எண்டு சொல்லுங்கோ."