சேலை கட்டிய கொடி

எங்கள் தேவாலயப் பங்கில் மே மாதம் முழுவதும் மாதா சொரூபம் நாளுக்கொரு வீட்டில் தங்கும். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக்கு அது வரும் மாலையில், தாராபுரத்திலிருந்து பெரிய அத்தையும் தவறாமல் வந்துவிடுவார். முந்தைய ஆண்டு அவர் மாதாவின் மாலையைத் தொட்டுப் பார்த்து, "கடைப்பூவா அம்மணி?" என்று கேட்டது அம்மாவின் நெஞ்சில் தைத்துவிட்டது. இம்முறை எங்கள் வாசல் வளைவில் படர்ந்திருந்த இரங்கூன் மல்லியைத் தவிர வேறு பூ வைப்பதில்லை என்று அம்மா முடிவு செய்துவிட்டார்.

வெயில் அதற்கு இசையவில்லை. நண்பகலில் இலைகள் துவண்டு தொங்கின, ஓரங்கள் கருகின, மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. மனம் பொறாத அப்பா ஒருநாள் உச்சி வெயிலில் குடத்தோடு ஓடினார்.

"ஊத்தாதீங்க! மண்ணு கொதிக்குது, வேர் அவிஞ்சு போயிருமுங்க. பொழுது சாஞ்சா எலை தானா நிமிருமுங்க" என்றார் அம்மா.

நிமிரத்தான் செய்தது. அம்மா விடியலில் மட்டும் நீர் விட்டார். வேரடியில் தேங்காய் நாரைப் பரப்பினார். மேற்கு வெயில் தாக்கும் பக்கத்தில் தம் பழைய நூல்சேலையை விரித்துக் கட்டினார்.

"ஏனுங்க அண்ணி, கொடிக்கு வளைகாப்புங்களா?" என்றார் சித்தப்பா.

"ஆமாங்க, சீர் எடுத்துட்டு வாங்க" என்றார் அம்மா, திரும்பியும் பாராமல்.

சொரூபம் வரும் மாலையில் சேலையை அவிழ்த்தார். அப்போதுதான் மலர்ந்தவை வெண்மையாகவும், முந்தைய நாளின் பூக்கள் இளஞ்சிவப்பாகவும், அதற்கும் முந்தையவை செந்நிறமாகவும் வளைவெங்கும் கொத்துக்கொத்தாகத் தொங்கின. செபமாலை சொல்ல வந்தவர்கள் அண்ணாந்தபடியே உள்ளே நுழைந்தார்கள். "எங்கம்மா வெச்சதுங்க" என்று, கேளாதவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அத்தை வெகுநேரம் வளைவின் கீழேயே நின்றார். புறப்படும்போது, "ஒரு குச்சி ஒடிச்சுக் குடு அம்மணி, எங்கூட்டு வாசல்லயும் வெக்கறேன்" என்றார்.

"இப்ப வேண்டாங்க. மழை வரட்டும், பாக்கலாமுங்க."

அத்தை வெறுங்கையோடு போனார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கடைப்பூ என்ற சொல்லுக்கு அம்மா கொடுத்த பதிலடியை மறுநாள் தெருவெங்கும் சொல்லித் திரிந்தேன்.

அந்தக் கோடையில் ஒடித்த குச்சி வேர் விடாமலே காய்ந்துபோகும் என்பதை அம்மா யாரிடமும் சொல்லவில்லை. ஆடிச் சாரல் ஓய்ந்ததும், வேர்பிடித்த கன்று ஒன்றை மடியில் ஏந்தித் தாராபுரம் பேருந்தில் அவர் அமர்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த எனக்கோ, வழியெல்லாம் ஒரே கோபம்: தோற்றுப்போனவருக்கு எதற்கு இந்தப் பரிசு?