நீலாயதாட்சி கப்பலும் என் அத்தையும்

உபின் தீவுக்குப் போகும் படகில் நாங்கள் எல்லாரும் ஏறிய பிறகும், அத்தை மட்டும் சாங்கி படகுத்துறையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அத்தை அப்பாவுக்கு அக்கா. பத்து நிமிடப் பயணம்தான். நாங்கள் கையசைத்தோம். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் நீலாயதாட்சி. நாகப்பட்டினத்து அம்மன் பெயர். கருநீல நீள்விழியாள் என்று பொருள். தேக்கா மார்க்கெட்டில் எல்லாருக்கும் அவர் நீலாக்கா. ஆனால் அம்மனிடமிருந்து அந்தப் பெயர் நேராக அவரிடம் வரவில்லை, நடுவில் ஒரு கப்பல் இருந்தது. கொள்ளுத்தாத்தா அம்மன் பெயரில் கட்டிய பாய்மரக் கப்பல், வீட்டு ஆண்கள் இருவரோடு பினாங்குக்குக் கிளம்பியது; போய்ச் சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை, உடைந்த பலகையும் கிடைக்கவில்லை. காரியம் செய்ய யாருக்கும் மனம் வரவில்லை. பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்வரை கப்பல் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும் என்று முடிவுகட்டினார்கள். அதிலிருந்து தலைமுறைக்கு ஒரு பெண்ணுக்கு அந்தப் பெயர். அவள் கடலில் போகக் கூடாது. போனால் கப்பல் அவளைத் தேடி வந்துவிடுமாம்.

அப்பா பொறியாளர். எங்கள் ஆங் மோ கியோ அடுக்குமாடி வீட்டில் மின்விசிறி நின்றால்கூடக் காரணம் கண்டுபிடிக்காமல் தூங்கமாட்டார். அப்பேர்ப்பட்டவர், தாத்தாவுக்குப் பிறகு, சுற்றிலும் கடல் உள்ள ஊரில் தன் அக்காவைக் கடலில் விடாமல் காவல் காத்தார். விமானமும் கிடையாது, அதுவும் கடலைத் தாண்டுமே. கடல் தாண்டி பெர்த் நகரில் வேலை பார்த்த ஒருவர் பெண் கேட்டு வந்ததும் அப்படித்தான் நின்றுபோனது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

போன மாதம் மருத்துவமனையில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாம்பலக் கரைக்கிறப்ப என் பேரச் சொல்லிக் கரைக்கச் சொல்லு உங்கப்பாகிட்ட. பேரும் என்னோட போகட்டும் லா. உன் பிள்ளைக்கு வேணாம்."

அப்பாவிடம் சொன்னேன். தலையாட்டினார்.

அஸ்தியோடு அப்பா படகேறினார். நான் மாசமாக இருந்ததால் கரையிலேயே நிற்கச் சொல்லிவிட்டார்கள். அத்தை முதன்முதலாகப் படகில் போவதைப் பார்த்தபோது அழுகையை அடக்க முடியவில்லை. காற்றே இல்லாத காலை, கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

திரும்பி வந்தவரிடம் பெயரைச் சொன்னீர்களா என்று கேட்டேன். ஐயர் கேட்டாராம். அப்பா வேறொரு பெயரைச் சொன்னாராம்.

"அந்தப் பேரு இங்கயே இருக்கட்டும்மா" என்று என் வயிற்றைப் பார்த்தார்.

பெண் குழந்தை என்று நான் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.