எண்பத்தொரு கிலோ

மூன்று கிலோ குறைந்தால் உயிர் தப்பிவிடலாம் என்று நான் நம்பினேன். சிரிக்க வேண்டாம். மன்னார் மீன் சந்தையில் தினமும் ஏலம் கூறித் தொண்டை தடித்த, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவன் ஒரு கிழமை முழுக்கச் சோற்றைத் தொடாமல் வெள்ளரிக்காய் தின்றான், வெயிலில் பெரிய பாலத்தை நடந்து கடந்து திரும்பி வந்தான் என்றால், காரணம் இல்லாமலா?

காரணம், சந்தைக்குப் பின்னால் இருந்த ஐஸ் கம்பனியின் காவலாளி. மலையகத்தில் பிறந்தவர். குடும்பம் மன்னார் மாவட்டத்துப் பெரியமடுப் பக்கம் குடியேறியது. இவர் மட்டும் கொழும்புக்குப் போய் ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரர் ஆனார். அதெல்லாம் பழைய கதை. இப்போது ஒரு பிளாஸ்டிக் கதிரையும் ஒரு டோர்ச்சும்தான். இடது கண் முழுதாகப் போய்விட்டது. வலது கண் போய்க்கொண்டிருந்தது. அதனால் தலையை ஒருபக்கம் சாய்த்து, நிலத்தைக் காலால் தடவித் தடவி நடப்பார்.

அந்த நடையைத்தான் நான் சந்தையில் நடித்துக் காட்டினேன். மீன் வெட்டுகிறவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். என் வீட்டில் சிரிக்க ஆளில்லை. மனைவி மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் பிரான்சுக்குப் போனவள். பேரன் நடக்கத் தொடங்கியும் திரும்பவில்லை. அதனால் என் கூத்தெல்லாம் சந்தையில்தான். இன்னும் இரண்டு அடி தடவி நடந்து திரும்பினால், அவர் எனக்கு முன்னால் நிற்கிறார்.

"தம்பி, நீங்க எத்தனை கிலோ?"

"எண்பத்தி நாலு, அண்ணை." பயத்தில் உண்மை வந்துவிட்டது.

அவர் முகம் மலர்ந்தது. "எண்பத்தொண்ணுக்கு மேல இருந்தா ஹெவிவெயிட். ஞாயித்துக்கிழமை எங்கூட ஒரு ரவுண்டு நிக்கிறீங்களா? நாலு மெடல் வச்சிருக்கேன் தம்பி. நாலும் வாக்ஓவர். எதிர்ல ஆள் வராம, ரிங்குல தனியா நின்னு கையைத் தூக்கிட்டு இறங்கினது. கண்ணு போறதுக்குள்ள ஒரே ஒரு ஆளு எதிர்ல நிக்கணும்."

இவ்வளவையும் சொன்னார். எனக்குக் காது அடைத்திருந்தது. கழற்றிய கதவைப் போல அகலமான அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டு "ஓம்" என்றேன். நடையைக் காட்டிச் சிரித்ததற்குப் பழி வாங்கப்போகிறார், மற்றதெல்லாம் சாட்டு என்று முடிவு கட்டினேன். தப்ப ஒரு வழிதான் தெரிந்தது: எண்பத்தொன்றுக்குக் கீழே இறங்குவது.

தேநீர்க்கடைக்காரன் என் பள்ளிக்கூடக் கூட்டாளி. வெறும் பிளேன்டீ கேட்டதுமே பிடித்துவிட்டான்.

"என்ன மச்சான், வடை வேண்டாமோ? சவப்பெட்டிக்கு அளவு எடுத்தாச்சோ?"

"விசர்க்கதை கதையாதை. வயிறு சரியில்லை."

"உன்ர வயிறு சரிதான்ரா. நெஞ்சுதான் சரியில்லை."

இதற்கிடையில் காவலாளி தினமும் காலையில் என் ஏல மேசைக்கு வந்தார். "சாப்பிட்டீங்களா தம்பி? நல்லா சாப்பிடுங்க." வெட்டப்போகிற ஆட்டுக்குக் குழை காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் ஏலம் முடிந்தும் போகவில்லை. மீன் கழுவிய தண்ணீர் ஓடும் வாய்க்காலைப் பார்த்தபடி, தன் எடையில் அந்தக் காலத்தில் இருந்தவர்களைப் பற்றிச் சொன்னார். ஒருவர் ஹோட்டலில் கதவு திறந்துவிடுகிறாராம். ஒருவருக்குக் கை நடுக்கம். தேத்தண்ணிக் கோப்பையை மனைவிதான் பிடிக்க வேண்டுமாம். இன்னொருவரை இவர் தேடிப்போய்ப் பார்த்திருக்கிறார். அவர் வாசலிலேயே நிறுத்தி, "யார் நீங்க?" என்று மூன்று தரம் கேட்டாராம்.

"பிராக்டிஸ்ல என் குத்தை அவரு ஒருத்தருதான் வாங்கியிருக்காரு. அவருக்கே ஞாபகம் இல்ல தம்பி."

அன்றைக்கும் நான் பாலத்துக்கு நடக்கப் போனேன்.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஐஸ் கம்பனி முற்றத்துக்குப் போனேன். தேநீர்க்கடைக்காரன் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான். மதிலோரம் இரண்டு கழுதைகள் நின்றன. காவலாளி முகம் மழித்து, வெள்ளைப் பெனியனை ஸ்திரி போட்டு அணிந்திருந்தார். பஞ்சு பிதுங்கிய இரண்டு சோடிக் கையுறைகள் கதிரையில் இருந்தன. நிறை பார்க்காமல் சண்டை இல்லை என்று, பாரை மீன் நிறுக்கும் மேடைத்தராசில் என்னை ஏற்றினார். முள்ளை அவரால் பார்க்க முடியவில்லை. கூட்டாளி குனிந்து பார்த்தான்.

"எண்பது. ஒரு கிலோ காணாது, அண்ணை."

நான் வென்றுவிட்டேன். தராசில் நின்றபடியே சிரிக்க வாயைத் திறந்தேன்.

அவர் கதிரைப் பக்கம் திரும்பினார். கையுறையின் கயிற்றைத் தேடித் தடவினார். ஒரு தரம் தவறி, பிறகு பிடித்து, ஒரு சோடியை மெதுவாகப் பைக்குள் வைத்தார்.

"பரவால்ல தம்பி. இதுவும் வாக்ஓவர்." பிறகு, பழக்கத்தில்தான் இருக்க வேண்டும், வலது கையை அரைவாசி தூக்கி, இறக்கிக்கொண்டார்.

"அண்ணை, பொறுங்கோ," என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "ஒண்டுக்குப் போட்டு வாறன். திரும்ப நிறுங்கோ."

"ஒண்டுக்குப் போனால் இன்னும் குறையுமடா, மடையா," என்றான் கூட்டாளி.

கட்டடத்துக்குப் பின்னால் வலைகள் குவிந்து கிடந்தன. வலையின் அடிக்கயிற்றுக்குக் கோக்கிற ஈயக்குண்டுகள் ஒரு வாளியில் இருந்தன. மீன் வயிற்றில் ஐஸ் திணித்து நிறை கூட்டுகிறவர்களைத் தினமும் ஏசுகிறவன் நான். கை நிறைய ஈயத்தை அள்ளிச் சாரத்து மடிப்பில் கட்டிக்கொண்டேன். சிறுநீர் கழித்துவிட்டு வந்து நிறை கூடிய முதல் ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

தராசில் ஏறினேன். கூட்டாளி முள்ளைப் பார்த்தான். என் இடுப்பைப் பார்த்தான். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நக்கல் அடிக்காமல் விட்டான்.

"எண்பத்தி ரெண்டு, அண்ணை. சரி."

அவரே எனக்குக் கையுறை கட்டிவிட்டார். கூட்டாளி ஐஸ் கொக்கியால் இரும்புக் கதவில் ஒரு தட்டுத் தட்டினான். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அந்த நேரத்தில் செபம் ஒன்றும் வரவில்லை, ஏல விலைதான் வந்தது. ஓடலாம் என்றால் இடுப்பில் ஈயம்.

குத்து வரவில்லை. கண்ணைத் திறந்தேன். அவர் நிலத்தைத் தடவித் தடவி, நான் எங்கே நிற்கிறேன் என்று கையுறையால் காற்றில் தேடிக்கொண்டிருந்தார்.

"இஞ்சை, அண்ணை. இஞ்சை நிக்கிறன்."

கையுறை என் தோளில் பட்டது. மற்றது முதுகுக்குப் பின்னால் வந்தது. களைத்தவர்கள் ரிங்கில் பிடிப்பதைப் போல இறுக்கிப் பிடித்து, நாடியை என் தோளில் வைத்து, முழுப் பாரத்தையும் சாய்த்தார். சவர்க்கார மணம். மூச்சு காதில் சுட்டது.

"இடுப்புல என்ன தம்பி, கல்லு மாதிரி?"

"ஈயம், அண்ணை."

அவர் பிடியை விடவில்லை. கூட்டாளி கதவில் திரும்பத் தட்டும் வரை, நான் விழாமல் நின்றேன்.