சேற்று நிலத்தில் எழுந்த துறைமுகம்: வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் ஒரு நாள்

மே மாதச் சனிக்கிழமை ஒன்றில் நானும் என் கணவரும் வுப்பர்டாலில் இருந்து வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனுக்குப் போனோம். வடகடலோரத்தில் கடற்படைக்கென்றே உருவாக்கிய நகரம் அது. எங்கள் மகள் மாதினி அங்கே போர்க்கப்பல்களில் மின்வேலை பழகுகிறாள். நான் முன்பே போய்ப் பார்த்துவிட்டேன். இவர்தான் ஏதாவது சாட்டுச் சொல்லித் தள்ளிப்போட்டார். ஊரில் சண்டை நடந்த காலத்தில், இலங்கை நேவிக் கப்பலுக்குப் பயந்து வள்ளத்துக்குள் மூச்சடக்கிப் படுத்தபடி யாழ்ப்பாணக் களப்பைக் கடந்த மனிதர் இவர்.

நாடு முழுக்க உள்ளூர் ரயில்களில் செல்லும் மாதச் சீட்டான ஜெர்மனி டிக்கெட் போதும். மூன்ஸ்டர், ஒஸ்னாபுரூக் என்று இரண்டு இடத்தில் மாறினோம். ஆறு மணித்தியாலம் போல எடுத்தது.

ரயிலடியில் நின்ற மாதினி முதலில் நகரத்தின் நினைவுச்சின்னத்துக்குக் கூட்டிப் போனாள். நடக்கிற தூரம்தான். பெரிய மரங்களுக்கு நடுவே, உயர்ந்த பீடத்தில், நகரத்தை நிறுவிய மன்னரின் வெண்கலச் சிலை. பழைய சிலையை இரண்டாம் உலகப் போரில் உருக்கிவிட்டார்களாம். இது பிறகு வார்த்தது. வெறும் சேற்றுக் கரையில் ஒரு நகரத்தையே எழுப்பிய துணிச்சல் அந்த நிமிர்ந்த நிற்பில் தெரிகிறது. நான் படம் எடுத்து முடிக்கும்வரை இவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"அரசன் சரி. துறைமுகத்தை வெட்டினது ஆர்?"

"வெளியிடங்களிலை இருந்து வந்த வேலையாக்கள், அப்பா. மலேரியாவிலை கனபேர் செத்தவை."

"ஜெர்மனியிலை மலேரியாவோ?"

"ஓம். எல்லாம் சதுப்பு நிலம்தானே."

"பிழைக்க வந்த சனம்," என்றார் இவர். பீடத்தில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தார். பிறகு எங்களுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார்.

தெற்குக் கடற்கரைக்குப் போய் கடல் தடுப்பணைமேல் இருந்தோம். சாம்பல் நிறப் போர்க்கப்பல் ஒன்று வெளியே போய்க்கொண்டிருந்தது. இவர் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"அதிலை நானும் வேலை செய்தனான், அப்பா," என்றாள் மாதினி.

"எந்த இடத்திலை?"

அவள் விரலை நீட்டிக் காட்டினாள். இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

போகிறவர்களுக்கு: காற்று பலம், மே மாதமென்றாலும் ஜாக்கெட் வேண்டும். சிலையை வந்தவுடனேயே பாருங்கள், பிற்பகலைக் கடலுக்கு விடுங்கள். திரும்பும் ரயில் நேரத்தையும் பார்த்து வையுங்கள். நாங்கள் எங்கள் ரயிலை விட்டுவிட்டோம். கப்பல் கண்ணுக்கு மறைந்த பிறகும் இவர் எழும்பவில்லை.

"இனி மற்றக் கப்பல் எப்ப வரும், பிள்ளை?" என்று மகளைக் கேட்டார்.