தொட்டி மேலிருந்து பார்த்த நட்சத்திரச் சாவு

ஆரியசாலையில் அரிசி மொத்த வியாபாரிகள் மூட்டை அடுக்கும் கிட்டங்கிகள் நான் கட்டியவை. கல்லாற்றில் வெள்ளம் திரும்பத் திரும்பப் பிடுங்கிய கரையில், இன்றும் பிடுங்க முடியாமல் நிற்கிற சுவர் நான் கட்டியது. பழவங்காடி லாட்ஜின் மொட்டைமாடியில், நாலு தூண்மேல் நிற்கும் தண்ணீர்த் தொட்டியும் நான் கட்டியதே. ஐந்தாம் கிளாஸோடு நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து சாந்துச்சட்டி சுமந்தவன் நான். நிற்காது என்று படித்த இன்ஜினீயர்கள் சொன்னார்கள். எல்லாம் நிற்கிறது. ஆனால் திறப்பு விழாக் கல் எதிலும் என் பெயர் இல்லை. அதனால் என் கட்டடத்தில் ஏற ஏணி கேட்டு வருகிற எவரையும் நான் லேசில் நம்புவதில்லை.

எண்பத்தேழில், மாசி மாதம், அப்படி இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கல்லூரிப் பேராசிரியர். மற்றவர் அவரோடு வேலை பார்க்கும் டீச்சர். தெற்கே அடிவானத்தை ஒட்டி ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்துச் செத்திருக்கிறதாம். தென்னையும் கட்டடமும் மறைக்காமல் அதைப் பார்க்க என் தொட்டியின் தலைதான் தோதாம்.

யார் அனுப்பிய ஆட்கள் என்று எனக்கா தெரியாது? தொட்டியில் விரிசல் விட்டிருக்கிறது என்று இன்னொரு காண்ட்ராக்டர் லாட்ஜ் முதலாளியின் காதில் ஓதிக்கொண்டிருந்தான். முதலாளி பக்கத்து மனையில் எழுப்பப் போகும் கட்டடம் எனக்கா அவனுக்கா என்பது அந்தத் தொட்டிக்கு இருக்கும் பெயரைப் பொறுத்திருந்தது. ஆகவே அவர்கள் பின்னாலேயே நானும் ஏறினேன்.

பேராசிரியர் மேலே போனதும் குனிந்து தளத்தைத் தட்டிப் பார்த்தார்.

"சாரே, வானத்தைப் பாக்க வந்தவரு கீழே என்னத்துக்குத் தட்டுதீரு?"

"தொலைநோக்கி ஆடாம நிக்கணும்லா, அண்ணாச்சி."

"ஆடாது. நான் கட்டினது."

இருட்டக் காத்திருந்த நேரத்தில் நட்சத்திரம் எப்படிச் சாகும் என்று சொன்னார். "உள்ளே எரிஞ்சு எரிஞ்சு கடைசியிலே நடுப்பகுதி இரும்பாயிடும். இரும்பை எரிச்சுச் சூடு எடுக்க முடியாது. பின்னே தாங்க என்ன இருக்கு? தன் பாரத்திலேயே நடு இடிஞ்சு விழும். வெளியே உள்ளது சிதறும்."

"இரும்பு சேந்தா இடியுமா? கம்பி கட்டாம நான் ஒரு தளம் வார்த்ததில்லை. ஆளைப் பாத்துக் கதை விடுதீரோ?"

டீச்சர் சிரித்தார். "இதையும் கேளுங்கோ அண்ணாச்சி. ஜப்பான்லே பூமிக்கடியிலே பெரிய தண்ணித் தொட்டி வச்சிருக்கா. நடு இடிஞ்சப்போ கிளம்பின துகள்லே கொஞ்சம் அதிலே மாட்டிருக்கு. வெளிச்சத்தைக் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே வந்துடுத்தாம்."

தொட்டி என்றதும் எனக்குச் சந்தேகம் உறுதியாயிற்று. சுற்றி வளைத்து விரிசலுக்குத்தான் வருகிறார்கள்.

"அது ஒழுகலையா?" என்றேன்.

"ஒழுகினா உங்களுக்குச் சொல்லி அனுப்பச் சொல்றேன்."

பிறகு பேராசிரியர் தொலைநோக்கியில் பார்த்து, துண்டுத்தாளில் ஏதோ எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். டீச்சர் பார்த்து, தனியாக எழுதி மடித்தார். ஒருவர் எழுதியதை மற்றவருக்குக் காட்டவில்லை. விரிசலின் நீளமாகத்தான் இருக்க வேண்டும்.

"ரெண்டையும் பிரிச்சுக் காட்டும்," என்று வழிமறித்தேன்.

காட்டினார்கள். பக்கத்து நட்சத்திரங்களில் எதைவிடப் பிரகாசம், எதைவிட மங்கல் என்ற கணக்கு மட்டும் இருந்தது. நாள்தோறும் இப்படிக் குறித்தால், வெளிச்சம் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்து அது செத்த விதத்தை அறியலாமாம். "ஒருத்தர் சொன்னது மத்தவர் காதிலே விழுந்தா கண்ணும் அதையே பாக்கும். அதான் மறைக்கோம்," என்றார் பேராசிரியர்.

அங்கேதான் நான் கொஞ்சம் இறங்கி வந்தேன். ஒரே சுவர் நேராக நிற்கிறதா என்று இரண்டு கொத்தனார்களைத் தனித்தனியாகத் தூக்குக்குண்டு விடச் சொல்லுகிறவன் நான். ஒருவரையொருவர் நம்பாமல் வேலை செய்கிறவர்களைப் பாதியாவது நம்பலாம். மீதிப் பாதிக்காகத் தினமும் கூடவே ஏறினேன்.

ஒரு மாலை முதலாளியும் வந்தார். நட்சத்திரத்துக்கு ஒரு பார்வை. மற்ற நேரமெல்லாம் தொட்டியை விரலால் தடவிப் பார்த்தார். மயிரிழை விரிசல் இல்லை. புதுக் கட்டடம் எனக்கே வந்தது.

டீச்சருக்குக் காய்ச்சல் கண்ட அன்று பேராசிரியர் என்னை அழைத்தார். "அண்ணாச்சி, ரெண்டாவது கண்ணு வேணும். நீங்க பாருங்க. நான் எழுதினதைச் சொல்ல மாட்டேன்."

பார்த்தேன். சிவந்த சிறு பொட்டு. மேலே இருந்ததைவிட மங்கல், இடது பக்கம் இருந்ததைவிடப் பிரகாசம் என்றேன். அவர் தம் தாளைப் பிரித்தார். நான் சொன்ன வெளிச்சம் அவர் எழுதியதைவிடச் சற்றுக் குறைவு.

"எது சரி?"

"தெரியாது. ரெண்டையும் போடுவேன்."

போட்டார். அவர்கள் எழுதிய கட்டுரையில், நாள்தோறும் குறித்த வெளிச்சத்தைப் புள்ளி வைத்துக் காட்டும் படத்தில் நான் சொன்னதும் ஒரு புள்ளியாக இருக்கிறது. டீச்சரே விரல் வைத்துக் காட்டினார். ஆனால் கட்டுரையில் எழுதியிருப்பது என்ன தெரியுமா? 'நகரின் உயரமான ஓரிடத்திலிருந்து இரண்டு ஆசிரியர்கள் கண்டது.' ஓரிடமாம்! இரண்டு ஆசிரியர்களாம்!

அந்த இடம் நான் கட்டிய தொட்டி. அந்தப் புள்ளியைப் பார்த்தது என் கண். மறுபடி அச்சடிக்கும்போது இரண்டு பேர் என்பதை மூன்று பேர் என்று திருத்த வேண்டும். மூன்றாவது பெயராக என் பெயரை முழுசாக, அப்பா பெயரின் முதலெழுத்தோடு போட வேண்டும்.